தாய் உறங்கினாளா?



சாலமோன் அரசரின் தீர்ப்பை அறியாதவர் நம்மில் இலர். ஒரே குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடியதும், அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்னதும், பெற்றவளின் வயிறு பதறியதும் மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்க்கும் மனப்பாடம். நாமும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்து வந்திருக்கிறோம். ஆயினும், அரசரின் ஞானத்திலேயே கண்ணை வைத்திருந்தமையால், அவ்வழக்கு எவ்வாறு தொடங்கிற்று என்பதை நாம் நின்று நோக்கியதில்லை. அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இரவில் ஒரு குழந்தை இறந்து போயிற்று. தாய் உறக்கத்தில் அதன்மேல் புரண்டு விட்டாள் என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சற்று முன்னரே வழக்குரைத்தவள் வேறொன்றையும் அரசரிடம் சொல்லிவிடுகிறாள்: தங்கள் இருவரையும் அன்றி அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை என்கிறாள். மூன்று நாள் இடைவெளியில் பிள்ளை பெற்ற இரண்டு பெண்கள், நள்ளிரவு, ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் துணையில்லை.

சென்ற ஆண்டு கீரனூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் இவ்வரி நமக்கு உறைத்தது. கீரனூர் என்றதும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூரை நினைத்துவிட வேண்டா. நாம் சொல்லுவது நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனியை அடுத்துள்ள கீரனூர். ஊரைச் சொன்னோம், வீட்டைச் சொல்ல மாட்டோம். எழுதிக்கொள்ளுங்கள் சாமி, இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று அவ்வீட்டாரே இசைவு தந்தார்கள். ஆதலின் எழுதுகிறோம்.

கைக்குழந்தையை எங்கே கிடத்துவது என்பதெல்லாம் ஒரு குருவானவர் எழுதவேண்டிய பொருளா என்று சிலர் நகைக்கலாம். பிள்ளை வளர்த்து அறியாதவர் நாம், உண்மையே. ஆனால் திருமுழுக்கின் பொருட்டும் மந்திரிப்பின் பொருட்டும் பச்சை உடம்புக்காரி இருக்கும் அறை வாசல்வரை சென்று நிற்கும் வெளியார் மிகச் சிலர். அவர்களுள் பங்குக் குருவும் ஒருவர். அவ்வாறு நின்ற இடத்தில் நாம் கண்டதையும், காணத் தவறியதையும் சொல்லுவதில் பிழையிராது.

அவ்வீட்டில் தலைப்பிள்ளை, பெண் குழந்தை. பேறு தாய்வீட்டில் நடந்தது. மூன்றாம் மாதம் முடிந்து, முறைப்படி கணவன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கணவர் நூற்பாலையில் வேலை; அப்போது இரவு ஷிப்ட். மாமியார் நல்லவர், பூசைக்குத் தவறாதவர். குழந்தை வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் ஒரு பிணக்குத் தொடங்கியிருந்தது. குழந்தையைத் தாயோடு ஒரே படுக்கையில் போடலாகாது, தனிப் படுக்கைதான் பத்திரம் என்று எங்கோ படித்த இளைஞர், கடனுக்கு ஒரு மரத்தொட்டில்கட்டில் வாங்கி வந்து, கொசுவலையும் கட்டிவிட்டார். கட்டிலிலே தனியாகக் கிடக்கிற பிள்ளை காற்றுக் கருப்புக்குப் பயந்து மெலிந்து போகும், தாயின் சூடுதான் பிள்ளைக்கு மருந்து என்பது மாமியாரின் கட்சி. தாய்வீட்டாரோ உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டித் தந்து போயிருந்தார்கள். ஆக, ஒரு குழந்தைக்கு அவ்வீட்டில் மூன்று படுக்கைகள்! மூன்றில் எது என்று மூவர் வாதாடிக்கொண்டிருந்தனர். பெற்றவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம்மை அழைத்தவர் மாமியார். “சாமி, மருமக ராவெல்லாம் கண்ணை மூடுறதில்ல. வெளக்கைப் போட்டுக்கிட்டுப் புள்ள மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பகல்ல ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழுகுறா. என்னமோ அண்டியிருக்கு சாமி. ஒரு தடவை வந்து மந்திரிச்சு விடுங்க” என்றார்.

சென்றோம். அந்தப் பெண் தலையை வாரியிருக்கவில்லை. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, அவள் இளைத்திருந்தாள். நம்மைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நாம் என்ன செய்தோம்? பிள்ளையில்லாமல் எத்தனை பேர் வேளாங்கண்ணிக்கு நடையாய் நடக்கிறார்கள், ஆண்டவர் கேளாமலே உனக்குக் கொடுத்திருக்கிறாரே அம்மா, இதற்கு அழலாமா என்றோம். படுக்குமுன் செபமாலை சொல், மனம் தெளியும் என்றோம். தீர்த்தம் தெளித்து, குழந்தையின் நெற்றியில் சிலுவை இட்டு, காப்பி அருந்திவிட்டுப் புறப்பட்டு வந்தோம். அவள் சரி சாமி என்று தலையாட்டினாள். அவ்வார்த்தைகளை அந்த வேளையில் சொல்லியது நம் பிழை. பிறர் எவர்மேலும் சுமத்தக் கூடியதன்று. ஏற்கெனவே வருந்துகிறவளுக்கு, வருந்துவதும் நன்றிகெட்ட செயல் என்ற மற்றொரு பாரத்தையும் ஏற்றிவிட்டு வந்தோம்.

அந்த மூன்று படுக்கைகளுக்கு முதலில் வருவோம். ஏனெனில் அங்கு நடந்த வாதம் இன்று நம் பங்குகளில் பல வீடுகளில் நடக்கிறது.

நம் நாட்டில் தாயும் சேயும் ஒரே பாயில் படுப்பதே தொன்றுதொட்ட வழக்கம். பிறந்த குழந்தையை முறத்தில் நெல்லைப் பரப்பித் துணி விரித்துக் கிடத்தும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. அது சில நாளைய சடங்கு. பிறகு பகலில் சேலைத் தொட்டில். அதைத் தூளி என்பாரும் ஏணை என்பாரும் உண்டு. இரவில் பாய். இதைப் படிப்பறியாதார் வழக்கமென்று தள்ளிவிடுவதற்கில்லை. மேனாட்டில் ஐம்பதுகளின் பிற்பகுதி முதல் சில பத்தாண்டுகள், குழந்தையைக் கவிழ்த்துக் கிடத்த வேண்டுமென்று பெரிய மருத்துவ நூல்களே கற்பித்தன. உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதை ஆராய்ந்தவர்கள், கவிழ்த்துக் கிடத்துதலே அதற்குப் பெருந்துணை என்று பின்னர்க் கண்டனர். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் உபதேசத்தை மாற்றிற்று. 1994இல் மல்லாக்கக் கிடத்துங்கள் என்று நாடெங்கும் இயக்கம் நடந்தது. அதன்பின் அவ்வகைச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. சேலைத் தொட்டிலில் நம் பிள்ளைகள் அதற்கு முன்பும் மல்லாந்தே கிடந்தன. இதில் நம் பாட்டிமார் எவரிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தாயின் பக்கத்தில் படுத்த குழந்தை நசுங்கிப் போகும் என்ற அச்சமும் பழையதே, சாலமோன் காலத்தது. இது தொடர்பாக நம் திருச்சபையையே தொட்ட செய்தி ஒன்றுண்டு. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் “ஆர்குச்சியோ” என்றொரு மரக்கூண்டு வழங்கி வந்தது. குழந்தையின்மேல் பில்லைமாட்டு வண்டியின் கூடாரம்போல் ஒரு வளைவு நிற்கும். தாயோ செவிலியோ புரண்டாலும் பாரம் வளைவின்மேல் விழும். பாலூட்டச் சாய்வதற்குப் பக்கத்தில் ஒரு வெட்டும் இருக்கும். அந்நகரத்துச் செவிலியர் இக்கூண்டில் குழந்தையைக் கிடத்தாவிடில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுவர் என்று 1732இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஓர் ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். கூண்டு நல்ல கூண்டுதான். தண்டனையும் குழந்தையின் உயிரைக் கருதியதே. ஆனால் அச்செவிலி அத்துணை அயர்ந்து உறங்கும்படி பகலெல்லாம் அவளை வேலை வாங்கியவர்கள் எவரென்று யாரேனும் வினவிய செய்தியை நாம் எங்கும் படித்ததில்லை.

இக்காலத்து மருத்துவர் சொல்லுவதென்ன? அமெரிக்கச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு அறிவுரை, முதல் ஆறு மாதமேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் பரப்பில் உறங்குவது நன்று என்கிறது. இங்கிலாந்து நாட்டவர் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லுவதில்லை. ஒரே படுக்கையில் படுப்பது எப்போது மிக ஆபத்து என்று பிரித்துச் சொல்லுகிறார்கள். தாயோ தந்தையோ மது அருந்தியிருந்தால், புகைப்பவராயின், உறக்கம் தரும் மாத்திரை உட்கொண்டிருந்தால், குழந்தை குறைமாதத்தில் அல்லது எடைகுறைந்து பிறந்ததாயின், அதனுடன் ஒரே படுக்கையில் படுக்கலாகாது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு உறங்கிவிடுவது எல்லாவற்றினும் கொடிது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில், அங்குக் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களையும் வெள்ளையர் குடும்பங்களையும் ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தெற்காசியத் தாயர் பிள்ளையோடு படுப்பது மிகுதி; ஆயினும் உறக்கச் சாவு அவர்களிடையே குறைவு. அவர்கள் பிள்ளையைத் தனியறையில் விடுவதில்லை, தாய்ப்பால் தருகிறார்கள், அப்பெண்களிடம் புகையும் மதுவும் அரிது என்பவற்றை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். நியூசிலாந்தின் மவோரி மக்களோ 2006இல் தம் முன்னோர் பின்னிய நார்க்கூடையை ஒட்டி ஒரு சிறு கூடை செய்தார்கள், பெயர் வாககுரா. கூடை பெற்றோரின் படுக்கைமேலேயே இருக்கும். குழந்தை கூடைக்குள் இருக்கும். நம் முறத்தை நினைவூட்டவில்லையா?

ஆகவே கீரனூர் வீட்டு மூவரில் எவருமே முழுதும் தவறென்று சொல்லுவதற்கில்லை. தரையில் விரித்த பாய் உறுதியான பரப்பு. இலவம்பஞ்சு மெத்தையில் குழந்தை புதைவதுபோல் அதில் புதையாது. குடியில்லாத வீட்டில், நிறைமாதப் பிள்ளையை, தலையணையும் போர்வையும் முகத்தருகே வராமல், மல்லாக்கத் தாயின் ஒருபுறம் மட்டும் கிடத்தினால் அச்சம் குறைவு. தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் வேண்டா. மூத்த பிள்ளைகளின் பக்கத்திலும் வேண்டா. சேலைத் தொட்டிலில் துணி முகத்தில் மூடிக்கொள்ளவும், சிறு குழந்தையின் தாடை மார்பில் படிந்து மூச்சுத் தடைப்படவும் கூடும். ஆதலால் ஆள் பார்க்க உறங்குவதற்கே அது ஏற்றது. தொட்டில் சேலையில் விளையாடி மூத்த பிள்ளைகளின் கழுத்து இறுகிய செய்திகளையும் நாளேடுகளில் கண்டிருக்கிறோம். பெரியவர்கள் சுருட்டி மேலே போட்டுவிட்டுப் போவது நலம். மரக்கட்டிலும் நல்லதே, அது தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்குமாயின். அவ்வளவுதான் செய்தி. இதற்காக ஒரு வீடு இரண்டு மாதம் பேசாமல் இருக்கவேண்டியதில்லை.

நாம் மந்திரித்துவிட்டு வந்த பத்தாம் நாள், பக்கத்துக் கன்னியர் மடத்தைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் வேறு வேலையாக நம்மோடு கீரனூருக்கு வந்தார். செவிலியர் பயிற்சி பெற்றவர், எழுபதை எட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவ்வீட்டின் கதையை வழியில் சொன்னோம். ஒரு நடை பார்த்துவிட்டுப் போவோம் சாமி என்றார். உள்ளே சென்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் பாயில் அமர்ந்தார். குழந்தையைத் தூக்கவில்லை, குழந்தை அழகாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குன கண்ணு?” என்று கேட்டார்.

நாம் திண்ணையில் இருந்தோம். நெடுநேரம் ஓசையே இல்லை. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். பாயில் போட்டால் நான் புரண்டு விடுவேனோ என்று பயமாயிருக்கிறது சிஸ்டர். கட்டிலில் போட்டால் மூச்சு நின்று போகுமோ என்று எழுந்து எழுந்து மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். தொட்டிலில் போட்டால் துணி மூடிவிடுமோ என்று பயம். அதனால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன். குழந்தை உறங்கும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை. இப்படியே ஏழு வாரம். சகோதரி அடுத்து ஒன்று கேட்டார். இவ்வாறு நேரே கேட்கலாம் என்பதே நமக்கு அன்றுதான் தெரியும். “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” என்றார். நான் இல்லாவிட்டால் பிள்ளையை அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது என்றாள்.

பத்து நாள் முன்பு இதே பெண்ணிடம்தான் நாம் நன்றியைப் பற்றிப் பேசியிருந்தோம்.

இந்நோய்க்கு நம் ஊர்களில் பல பெயர்கள் உண்டு. பிரசவச் சன்னி என்பார்கள்; பேய் என்பார்கள்; திமிர் என்பாரும் உளர். மருத்துவர் இதனை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் காரணமின்றி அழுகை வருவதும் மனம் சலிப்பதும் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்க்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, பிள்ளைமேலும் பற்றில்லாமல் அல்லது பிள்ளையைப் பற்றிய அச்சமே முழுநேரமுமாய் இருக்குமாயின் அது மனச்சோர்வு நோய். மூன்றாவது, ஆயிரம் பேற்றில் ஒன்று இரண்டு பேர்க்கு வருவது. பேறான சில நாள்களிலேயே புத்தி தடுமாறி, இல்லாத குரல் கேட்டு, சம்பந்தமில்லாமல் பேசுவாள். அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோய்க் கட்டிவைக்கலாகாது.

இது பட்டணத்துப் படித்த பெண்களின் நோய் என்பாருக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் விடை சொல்லியிருக்கிறார்கள். கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கருவுற்ற கடைசி மாதங்களிலும், பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திலும் கண்டு பேசி, 2002இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குப் பதினொருவர்க்குப் பேற்றுக்குப் பின் புதிதாக இந்நோய் வந்திருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவற்றை மெல்லப் படியுங்கள்: வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கருவுற்றிருந்த காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை. அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்வில் நூற்றுக்கு இருபத்துமூவர்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் மனச்சோர்வு காணப்பட்டது. அங்கும் பெண் பிறந்ததும் வறுமையும் முன்நின்றன. பெண் குழந்தை பிறந்ததென்று முகம் சுளிக்கும் பழக்கத்தை நாம் வேறு நாட்டுக் கதையாகச் சொல்லவேண்டியதில்லை. 1992இல் சேலத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் விரிவாக்க வேண்டியிருந்தது. கீரனூர் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால், குழந்தை பிறந்த செய்தி கேட்டுக் கணவரின் தமக்கை, அடுத்தது பையனாப் பிறக்கும் என்று ஆறுதல் கூறினாராம். ஆறுதல்! மருமகள் அதை நான்கு மாதமாக மறக்கவில்லை.

அப்பெண்ணை மறுநாளே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். சகோதரி உடன் சென்றார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். பாலூட்டும் தாயர் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன, பாலை நிறுத்த வேண்டா என்று விளக்கினார். அதனோடு மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து ஒன்று சொன்னாராம்: இந்தப் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தொடர்ந்து ஐந்து மணி நேர உறக்கம் வேண்டும், அதை நான் மாத்திரையில் தரமுடியாது, நீங்கள்தான் தரவேண்டும்.

இங்கே மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பேய் என்று நம்மை அழைத்தவர் அவரே. மருத்துவர் சொல்லைக் கேட்டு எழுந்தவரும் அவரே. அன்றிரவே முறை வகுத்தார். இரவு ஒன்பது முதல் இரண்டு மணிவரை குழந்தை அவர் பொறுப்பு; அவர் விழித்திருப்பார். குழந்தை பாலுக்கு அழுதால் தூக்கி வந்து தாயின் பக்கத்தில் கிடத்தி, அருகிலேயே அமர்ந்திருந்து, குடித்து முடித்ததும் எடுத்துச் சென்றுவிடுவார். தாய் எழுந்து நடக்க வேண்டியதில்லை, விளக்கைப் போடவேண்டியதில்லை, பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கும் பாரமும் அந்நேரத்தில் அவளுடையதன்று. கணவர் ஆலையில் சொல்லிக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மாலை முழுதும் குழந்தை அவர் தோளில். மாத்திரை உறக்கத்தைத் தரக்கூடியதாகையால் ஒரே பாய் வேண்டா என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகக் கடைசியில் அந்த மரக்கட்டிலே வென்றது. அதைத் தூக்கித் தன் பாயோரம் போட்டுக்கொண்டவர் மாமியார்.

முதல் வாரம் அவளால் உறங்க முடியவில்லை. படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் ஒருநாள் இரண்டு மணிக்கு மேலும் எழவில்லை என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். முகம் தெளிய மூன்று மாதம் ஆயிற்று. மருந்து அதற்குப் பின்னும் பல மாதம் தொடர்ந்தது. நடுவில் நன்றாகிவிட்டதென்று தானே நிறுத்திப் பார்த்து, மீண்டும் அழுகை வந்து, சகோதரியிடம் வசவு வாங்கிக்கொண்டதும் உண்டு.

இறைவாக்கினர் எலியா சாவை விரும்பிச் சூரைச்செடியின் அடியில் படுத்த பகுதியை அதன்பின் நாம் புதிதாகப் படித்தோம். ஆண்டவரின் தூதர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. உறங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் உறங்கவிட்டார். நடக்கவேண்டிய பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வருகிறது. குருமடத்தில் இப்பகுதிக்கு நாம் எழுதிய குறிப்புகள் இன்னும் நம்மிடம் உள்ளன. நற்கருணையின் முன்னடையாளம் என்று அப்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோம். உறக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பெற்றவளுக்கு நாற்பது நாள் என்பது யூதருக்கும் இருந்தது. ஆண்டவரின் அன்னையும் அந்த நாள் நிறைவேறியே கோவிலுக்குச் சென்றார். பிப்ரவரி 2ஆம் நாள் திருவிழாவாக அதைக் கொண்டாடுகிறோம். கீரனூரில் நம் அண்டை வீட்டு இசுலாமியரும் நாற்பது நாள் காக்கின்றனர். இந்துக்களுக்கும் தீட்டுக் கணக்கு உண்டு. தீட்டு என்ற பெயரை நாம் ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டா. ஆனால் அப்பெயரைத் தள்ளும்போது அதனுள் இருந்த ஓய்வையும் சேர்த்துத் தள்ளிவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. அடுப்படிக்குப் போகாதே, கிணற்றடிக்குப் போகாதே என்று விலக்கியபோது பெண்ணுக்கு உறக்கமேனும் கிடைத்தது. இன்று மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே துவைக்கிற கல்லில் நிற்கிறாள். தாய்வீட்டில் கிடைத்த ஆள்துணையும் மூன்றாம் மாதத்தோடு அறுந்து போகிறது. கீரனூர்ப் பெண்ணுக்கு நோய் முற்றியதும் அப்போதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருச்சபை இதை மறந்துவிடவில்லை. பழைய நாளில் குழந்தையை விரைந்து எடுத்துவந்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். தாய் வீட்டில் கிடப்பாள். 1969இல் வெளிவந்த புதிய திருமுழுக்குச் சடங்கு, தாயின் உடல்நலத்தையும் கருதி, கூடுமாயின் அவளும் உடனிருக்குமாறு நாளைக் குறிக்கச் சொல்லுகிறது. சடங்கின் முடிவில் தாய்க்கென்று தனி ஆசியும் உண்டு. நம் பங்குகளில் அந்நாளைக் குறிப்பவர் பெரும்பாலும் ஞானத்தந்தையும் பந்தல்காரருமே. இனி நம்மிடம் திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வருவோரிடம், தாய் எப்படி இருக்கிறாள், இரவில் உறங்குகிறாளா, குழந்தையை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்பதாக இருக்கிறோம். முகம் சுளிக்காமல் விடை சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்கலாம். பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு. அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் சொல்லக் கூசுவோர் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசலாம். 2022 முதல் நடக்கும் அரசின் மனநல உதவி இது. இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சி நோயை மறைக்கும் வீடுகளை நாம் அறிவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. பெங்களூர் நிம்கான்சு மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

சென்ற மாதம் கீரனூர் போயிருந்தோம். குழந்தை திண்ணையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நம் அங்கியின் பித்தானைப் பிடுங்கப் பார்த்தது. மரக்கட்டிலில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. கடன் இன்னும் இரண்டு தவணை பாக்கியாம். அப்பெண்ணின் ஓரகத்திக்கு ஆடியில் பேறு. அதற்குள் கட்டிலை அவ்வீட்டுக்கு அனுப்புவதா, ஆளை அனுப்புவதா என்று பேச்சு நடந்தது. மாமியார் தாமே இரண்டு மாதம் போய்த் தங்குவதாக முடிவாயிற்று. வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது மருமகள் பொறுப்பு.